மொன்ட்ரியால் சட்டியில் ஒரு தமிழ்ச் சீட்டு

“பையில் என்ன?” என்று கேட்டார் விமான நிலையத்து அதிகாரி.

“கருப்பை” என்றேன்.

“எத்தனை?”

“பதினொன்று. மார்பகம் ஆறு ஜோடி.”

ஒரு நாள் முழுக்கத் தூங்காமல் வந்தவளுக்கு இதைவிட நயமாகச் சொல்ல வரவில்லை. அவர் பையைத் திறந்து மேலே இருந்த புடவையை விலக்கினார். ரோஜா நிற சாட்டின் துணியில் தைத்த கருப்பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து மேசையில் விழுந்தன. மனிதர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு ஒரு பெண் அதிகாரியைக் கூப்பிட்டார்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு பெண்கள் உடல்நலக் குழுவில் இருபத்திரண்டு வருடமாக நான் தையல்காரி. கருப்பை, சினைப்பை, யோனி, மார்பகம் எல்லாம் துணியில் தைப்பேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்களை வட்டமாக உட்கார வைத்து, அவர்கள் கையில் அதைக் கொடுத்துப் பேச வைப்பதும் நான்தான். படத்தைக் காட்டினால் தலையைக் குனிந்துகொள்வார்கள். துணியைக் கொடுத்தால் முதலில் தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு பேச்சு தானாக வரும். போன வருடம் எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மொன்ட்ரியால் மாணவி ஊருக்குப் போகும்போது ஒரு கருப்பையை வாங்கிப் போனாள். அதை அங்கே கறுப்பினப் பெண்களுக்குப் பாலியல் நலம் சொல்லித்தரும் ஒரு சின்னக் குழு பார்த்திருக்கிறது. ‘இதைத் தைக்க எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள்’ என்று அழைப்பு வந்தது. அப்படித்தான் இந்த மங்கை, ஐம்பத்துமூன்று வயதில், முதன்முதலாகக் கடல் தாண்டினாள்.

பெண் அதிகாரி ஒரு மார்பகத்தைக் கையில் எடுத்து அழுத்தினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“உள்ளே ஏதோ இருக்கிறது.”

“புளியங்கொட்டை” என்றேன். “மற்றதில் கடுகு, பட்டாணி. கட்டி இருந்தால் எப்படித் தெரியும் என்று பழக்குவதற்கு.”

அவர் இன்னொரு தடவை அழுத்தினார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. “இப்படித்தான் இருக்குமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “இப்படியும் இருக்கும்” என்றேன். தலையாட்டிவிட்டு, விதைகளை உள்ளே விட முடியாது என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். பின்பக்க நாடாவை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். திருச்சியிலிருந்து வந்த என் கட்டிகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போயின.

வெளியே ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். இலங்கை மன்னார்காரி. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. காப்பகத்தை இங்கே தமிழரும் ‘கார்டறி’ என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பிள்ளைகளை விட வந்த தாய்மார் வழியாக அவளுக்கு இந்தக் குழு பழக்கம். எனக்கு மொழிபெயர்க்கவும் வீட்டில் தங்க வைக்கவும் ஒத்துக்கொண்டவள்.

“வாங்கோ அக்கா. இந்தச் சால்வை காணாது. இந்தாங்கோ, என்ரை கோட்டைப் போடுங்கோ.”

மாலை ஐந்துகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரின் கண்ணாடிக்கு வெளியே ஊர் மெல்ல மிதந்து போனது. மஞ்சள் ஜன்னல்கள், வாசலிலிருந்து நேராகத் தெருவுக்கு இறங்கும் இரும்புப் படிகள், படிகளின்மேல் வெள்ளை. விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ரெஜினாவின் வீட்டு ஜன்னலில் ஒரு காகித நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“நத்தாருக்குக் கட்டினது” என்றாள். கிறிஸ்துமஸை அவர்கள் நத்தார் என்பார்கள். “கழட்ட வேணும். அதுக்குப் பிறகு ஒண்டிலையும் மனம் போகேல்லை.”

மாசி பிறந்து பாதியாகிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது காலையா மாலையா தெரியவில்லை. வெளிச்சம் வானத்திலிருந்து வராமல் தரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. திருச்சியில் விடிந்தால் பால்காரன் மணி, கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டு மிக்சி எல்லாம் சேர்ந்து எழுப்பும். இங்கே நானே என்னை எழுப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

குளியலறைக்குப் போனேன். மறுபடியும் அது இருந்தது. ஒரு துளி, பழுப்பாக.

எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் கறை பட்டது. பிறகு நாலைந்து தடவை. நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும் என்று எத்தனை ஊரில், எத்தனை பெண்களிடம் அதட்டியிருப்பேன்! அநேகமாகச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் புற்றாகவும் இருக்கலாம், பார்க்காமல் தெரியாது என்று துணிக் கருப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வேன். என் விஷயம் என்று வந்ததும் வாய் கட்டிப்போய்விட்டது. வைகாசியில் மகள் கல்யாணம். அது முடியட்டும் என்று இருந்தேன். பிறகு கனடா பயணம், அது முடியட்டும். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். தெரியாதவளுக்கு வரும் பயமல்ல, தெரிந்தவளுக்கு வரும் பயம். அது மோசமானது.

ரெஜினா தமிழ்ப் பூசைக்குக் கூட்டிப்போனாள். பூசை முடிந்து வெளியே வந்தால், பனியில் கால் மாற்றி மாற்றி நின்றபடியே அரை மணி நேரம் எல்லோரும் எல்லோரையும் விசாரித்தார்கள். “என்ன ரெஜினா, மெலிஞ்சு போனீர்?” என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் “வேலை கூட” என்றாள். வீட்டில் புட்டும் மீன் குழம்பும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினேன். கனவில் எங்கள் உறையூர்த் தெருவில் பனி பெய்தது, யாரும் ஆச்சரியப்படவில்லை.

திங்கட்கிழமை முதல் வகுப்பு. ஒரு பழைய கட்டடத்தின் நிலத்தடி அறை, ஓரத்தில் பெரிய சமையலறை. பதினாறு பெண்கள். பாதிக்கு மேல் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள் அல்லது வந்தவர்களின் பிள்ளைகள், மற்றவர்கள் காங்கோ, கமரூன். பெவர்லி மட்டும் ஜமைக்கா வழி, ஆங்கிலம் பேசுபவர். என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்காகக் காதோடு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். தலைவி சோலாஞ்ச், அறுபது கடந்தவர். மருத்துவமனையில் முப்பது வருடம் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்த கைகள். குலுக்கியபோது என் தோள்பட்டைவரை தெரிந்தது.

ஒரு யோனி மாதிரியைச் சுற்றுக்கு விட்டேன். எங்கள் ஊரில் இந்த இடத்தில் சிரிப்பு வரும். இங்கே வரவில்லை. கை மாறி மாறிப் போய், ஃபாபியென் என்ற இளம்பெண்ணிடம் நின்றது.

“தையல் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பெண் யார்?” என்றாள்.

புரியவில்லை எனக்கு. அவள் அந்தத் துணியைத் தன் முழங்கைமேல் வைத்துக் காட்டினாள். சந்தன நிறப் பாவாடைத் துணி, உள்ளே ரோஜா சாட்டின். அவள் கை நல்ல கறுப்பு.

“பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இவள்தான் இருந்தாள். டாக்டர் வீட்டுச் சுவரிலும் இவள்தான். என் உடம்பு இப்படி இல்லை என்றதும் எனக்குத்தான் ஏதோ வியாதி என்று பதினேழு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.”

ரெஜினா அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். ஃபாபியெனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களும் என்னைப் போலத்தான். இருபத்திரண்டு வருடமாகக் கறுத்த பெண்களிடம் போய்ச் சந்தன நிறத் துணியைக் கொடுத்து ‘இது நீங்கள்தான்’ என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தியும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாகிவிட்டது.

“நாளைக்கு நானே துணி வாங்கிட்டு வரேன்” என்றேன்.

“பேந்து, வேலை முடிஞ்ச பிறகு, நான் கூட்டிக்கொண்டு போறன் அக்கா” என்றாள் ரெஜினா. நான் கேட்கவில்லை. எனக்கு ரோஷம்.

செவ்வாய்க்கிழமை தனியாகக் கிளம்பினேன். துணிக்கடைக்காரர் பெரிய மீசையுள்ளவர், எந்த நாட்டுக்காரர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பழுப்பில் ஏழு தினுசு வேண்டும் என்றதும் உருளை உருளையாக இறக்கினார். வெல்லம், காப்பிக்கொட்டை, பழம்புளி என்று நான் மனதுக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். உள்ளே வைத்துத் தைக்க அரக்குச் சிவப்பும் கத்திரிப்பூ நிறமும். என்ன தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். “அப்படியானால் இது வேண்டாம், சாயம் போகும்” என்று ஒரு உருளையை மட்டும் திரும்ப அடுக்கினார்.

திரும்பும்போதுதான் கூத்து. நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகும். அந்த ஞாபகத்தில் சாலையின் தப்பான பக்கத்தில் நின்று, வந்த பஸ்ஸில் கம்பீரமாக ஏறிவிட்டேன். வீடுகள் குறைந்தன, வானம் பெருத்தது. கடைசி நிறுத்தத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. ஓட்டுநர் நீளப் பின்னல் போட்ட ஒரு கறுப்பினப் பெண். நான் திருதிருவென்று விழிப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். முகவரிச் சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்து, ஆங்கிலத்தில் சொன்னார்: “உட்காரும்மா. நானும் திரும்பி அங்கேதான் போகிறேன்.”

பத்து நிமிடம் பஸ் அங்கேயே நின்றது. எதிரே உறைந்த ஆறு. அதன்மேல் யாரோ ஒருவர் நாயோடு நடந்துபோனார். காவிரியில் தண்ணீர் இல்லாதபோது மணலில் நடப்போமே, அதே சாவகாசமான நடை. பஸ்ஸின் கதகதப்பில் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக எதைப் பற்றியும் நினைக்காமல் தூங்கினேன். ஓட்டுநர் தோளைத் தட்டி எழுப்பியபோது சரியான நிறுத்தம் வந்திருந்தது.

புதன்கிழமை தைத்தோம். சோலாஞ்ச் அடுப்பில் சோறும் காராமணியும் ஒன்றாக வேகப்போட்டிருந்தார். வாழைக்காயைத் தட்டி இரண்டு தடவை பொரித்தார்கள். கூடவே முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒன்று. காரம் சாப்பிடுவேன் என்று ஜம்பமாகச் சொல்லி ஒரு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பதினாறு பேரும் கை தட்டினார்கள்.

மார்பகத்துக்குள் வைக்க விதை இல்லையே என்று தவித்தபோது, ஃபாபியென் தன் மகளின் பின்னலில் கோக்கும் மணிகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். சின்னது, நடுத்தரம், பெரியது. “மணி ரொம்ப வழவழப்பு” என்று சோலாஞ்ச் மறுத்ததால் மேலே கம்பளி நூலைத் தாறுமாறாகச் சுற்றினோம். காப்பிக்கொட்டை நிறத் துணிக்குள் அதை வைத்துத் தைத்து, எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“சில கட்டி அசையும், சில கட்டி வலிக்கும். அசையாம, வலிக்காம ஒண்ணு இருந்தா அதைச் சும்மா விடக் கூடாது. போய்க் காட்டிடணும்” என்றேன்.

ரெஜினா மொழிபெயர்க்கவில்லை. அந்த மார்பகம் அவள் மடியில் இருந்தது.

“திரும்பச் சொல்லுங்கோ அக்கா.”

சொன்னேன். அவள் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, மார்பகத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சோலாஞ்ச் ஒரு பெரிய அலுமினியச் சட்டியைக் கழுவித் துடைத்து நடுவில் வைத்தார். இதுதான் அவர்களுடைய வழக்கம். ஆளுக்கொரு சீட்டில் கேள்வி எழுதிச் சட்டியில் போட வேண்டும். பெயர் கிடையாது. சட்டி சுற்றி வரும்போது ஆளுக்கொன்று எடுத்து, அதைத் தன் சொந்தக் கேள்வியாகவே, ‘நான்’ என்று சொல்லி வாசிக்க வேண்டும். வாசித்தவளைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள், திட்டுவதானாலும் அவளைத்தான் திட்டுவார்கள்.

“இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்” என்று பெவர்லி விளக்கினார். “யாருடைய கேள்வி என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேசுவார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிச் சுமந்தால் யாருக்கும் தெரியாது. டாக்டரிடம் போக வேண்டிய கேள்வி என்றால் வாசித்தவளும் இன்னும் மூன்று பேரும் கூடப் போவார்கள். எழுதியவள் அந்தக் கூட்டத்தோடு வந்து கலந்துகொள்ளலாம்.”

எனக்கும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். ரெஜினாவுக்கும் நீட்டினார்கள். “நான் மொழிபெயர்க்க வந்தனான்” என்று சிரித்து மறுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் சங்கு ஊதியது. பனி அள்ளும் வண்டி வருகிறது, காரை எடுக்காவிட்டால் இழுத்துப்போய்விடுவார்களாம். ரெஜினா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் போனதும் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. தமிழில் எழுதினால் ஒருவருக்கும் புரியாது. ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் எழுதி ஓரிடத்தில் போட்ட மாதிரியும் ஆகும். உண்டியலில் காசு போடுகிறோம், சாமி பதிலா சொல்கிறது? நாலே வரியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வயது, நின்று எத்தனை நாள், கறை, நான்கு மாதம். கடைசியில் ‘இதை நான் யாரிடமும் சொல்லவில்லை’ என்றும் எழுதினேன். மடித்துப் போட்டேன்.

சட்டி சுற்றியது. “என் கணவர் சர்ச்சில் பாடுகிறவர். ஆணுறை போடு என்று அவரிடம் எந்த ராகத்தில் சொல்வது?” என்று ஒரு பாட்டி வயதுக்காரர் வாசித்தபோது அறை குலுங்கியது. “எனக்கு அறுபத்தொரு வயது. ஒரு நண்பர் கிடைத்திருக்கிறார். இந்த வயதில் பால்வினை நோய்ச் சோதனை செய்யச் சொன்னால் டாக்டர் சிரிப்பாரா?” என்று பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி வெகு தீவிரமாக வாசித்தாள். சிரித்தால் டாக்டரை மாற்று என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருத்தி வாசித்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. “கருப்பையில் நார்க்கட்டி. துடிக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் வலி தாங்குவீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.” சோலாஞ்ச் எழுந்துபோய் அவள் தோளில் அந்தப் பெரிய கையை வைத்துக்கொண்டு நின்றபடியே பதில் சொன்னார். அடுத்த தடவை டாக்டரிடம் தானே கூட வருவதாகவும், அவர் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வதாகவும் சொன்னார்.

ரெஜினா தோளில் பனியோடு உள்ளே வரவும் ஃபாபியென் என் சீட்டைப் பிரிக்கவும் சரியாக இருந்தது.

“இது என்ன எழுத்து? ரெஜினா, உன் பாஷையா?”

ரெஜினா வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவள் சீட்டு எழுதவில்லை. மடப் பெண்ணாகிய நான் அதைக்கூட யோசிக்காமல் போனேன்.

அவள் பிரெஞ்சில் வாசித்தாள். பெவர்லி என் காதில் ஆங்கிலத்தில் சொன்னார்: “எனக்கு வயது ஐம்பத்துமூன்று என்கிறாள்... நின்று இரண்டு வருடம்... நான்கு மாதமாகக் கறை... யாரிடமும் சொல்லவில்லை என்கிறாள்.”

என் கதை மூன்று மொழி சுற்றி எனக்கே திரும்பி வந்தது. யாரோ ஒரு பெண்ணின் கதையாகக் கேட்டபோது அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபமும் இரக்கமும் வந்தன. நான்கு மாதமா? என்ன பெண் இவள்!

திட்டு முழுவதையும் ரெஜினா வாங்கிக்கொண்டாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. “நாளைக்கு வியாழன்” என்றார் சோலாஞ்ச் அவளிடம். “மருத்துவ அட்டை இல்லாதவர்களையும் பார்க்கும் கிளினிக் நாள். நாங்கள் மூன்று பேர் வருகிறோம். நீ கட்டாயம் வர வேண்டும்.”

“ஓம்” என்றாள் ரெஜினா தமிழிலேயே. “வாறன்.”

காரில் திரும்பினோம். தெருவெல்லாம் பனியை அள்ளிப் போயிருந்தார்கள், கறுப்புத் தார் தெரிந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

“நாளைக்கு நான் போவன் அக்கா. வாசிச்சவள் போகத்தான் வேணும். நீங்கள் வாறதும் வராததும் உங்கடை விருப்பம்.”

“ரெஜினா...”

“நான் ஒண்டும் கேக்கேல்லை.”

வியாழக்கிழமை காலை போனேன். போகாமலிருக்க எத்தனையோ காரணம் யோசித்தேன், மறுநாள் விமானம், பெட்டி அடுக்க வேண்டும் என்றெல்லாம். ஆனால் ரெஜினா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை.

கிளினிக்கில் ஒரே நீள பெஞ்சு. சோலாஞ்ச், பெவர்லி, ஃபாபியென், ரெஜினா, நான். ஐந்து கனத்த கோட்டுகள், ஐந்து ஜோடி ஈரமான ஷூக்கள். ஜன்னலுக்கு வெளியே பனி காற்றில்லாமல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. சோலாஞ்ச் தம் பையிலிருந்து வாழைக்காய் வறுவலை எடுத்து நீட்டினார். கடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எதிரே காத்திருந்த மற்றப் பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். ஐந்து பேரில் யாருக்கு வியாதி என்று கண்டுபிடிக்க அவர்களால் முடியாது.

கதவு திறந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டினார். பெயர் எதுவும் சொல்லவில்லை. நால்வரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. நால்வரும் உள்ளே போகவும் இல்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சும்மா நின்றார்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல. அவசரமே இல்லை அவர்களுக்கு. நாள் முழுக்க அப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எழுந்தேன். ஐந்து பேருமாக உள்ளே போனோம். உள் நடையின் கடைசியில் ஒரு அறை. அவர்கள் அதைத் தாண்டிப் பின்வாசல் பக்கம் நடந்தார்கள், நான் மட்டும் அறைக்குள் திரும்பினேன்.

டாக்டர் இளம்பெண். மேசைமேல் நேற்று நாங்கள் தைத்த கருப்பை ஒன்று இருந்தது, வெல்ல நிறம், சோலாஞ்ச் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதைக் கையில் எடுத்தேன். விரலை வைத்து, “இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நான்கு மாதமாக” என்றேன். சொன்ன பிறகு அழுதேன், நன்றாக அழுதேன். அவர் பரிசோதித்து, ஊருக்குப் போனதும் என்னென்ன சோதனை செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே மகளுக்குப் போன் செய்து சொன்னேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கட்டுமா என்று கேட்டாள், பிறகு அரை மணி நேரம் திட்டினாள். பின்னால் திருச்சியில் எல்லாச் சோதனையும் ஆயிற்று. கருப்பைக்குள் சின்னதாக ஒரு சதை வளர்ச்சி, எடுத்துவிட்டார்கள், கெட்டது ஒன்றும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

வெள்ளிக்கிழமை ரெஜினா விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டாள். கட்டிக்கொண்டபோது என் கோட்டுப் பையில் எதையோ வைத்தாள்.

“உங்கடை சீட்டு அக்கா. இஞ்சை கிடக்க வேண்டாம்.”

விமானத்துக்குக் கூப்பிட நேரம் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை வெளியில் விமானங்கள் தூங்கி வழிந்தன. சீட்டை எடுத்தேன். கிழித்துப் போடலாம் என்று பிரித்தால், என் நாலு வரிக்குப் பின்பக்கம் வேறு கையெழுத்து.

‘எனக்கு நாப்பத்தாறு வயது. இடப்பக்க மார்பிலை ஒரு கட்டி. நோகேல்லை. அசையவும் இல்லை. நத்தாருக்கு முதல் கண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிரெஞ்சிலை எழுதினால் என்ரை கையெழுத்து அவையளுக்குத் தெரியும், தமிழிலை எழுதினால் நான்தான் எண்டு தெரியும். நீங்கள் சட்டியிலை போடுங்கோ அக்கா.’

ஜன்னலில் அந்த நட்சத்திரம். பூசைக்கு வெளியே மூன்று பேர் கேட்ட கேள்வி. ‘திரும்பச் சொல்லுங்கோ’ என்றது. ஒரு வாரம் அவள் வீட்டில் உண்டு உறங்கினேன். ஊருக்கெல்லாம் கட்டி தேடச் சொல்லிக்கொடுப்பவள் நான். என் துளியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பெவர்லிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

“பெவர்லி, எனக்கு நாற்பத்தாறு வயது” என்று ஆரம்பித்தேன். “இடது மார்பில் ஒரு கட்டி. வலியில்லை, அசையவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.”

என் வயது பெவர்லிக்குத் தெரியும். நான் விமான நிலையத்தில் இருப்பதும் தெரியும். வாசித்தவள் கூடப் போக வேண்டும் என்ற சட்டம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“வியாழன்வரை காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமையே போகலாம், எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்” என்றார். “வாசித்தவளோடு வழக்கமாக மூன்று பேர். உன்னோடு எத்தனை பேர் வரட்டும்?”

“என் இடத்துக்கும் ஒருவர்” என்றேன். “நான்கு பேர்.”